கோட்டையில் இறங்கியவனுக்கு

முதலில் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் காரியத்துக்கு என்று கிளம்பி எலவனாசூர்கோட்டைக்கு வந்தவன், வேறு யாருடைய காரியத்திலோ உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டேன். சாப்பிட்டது போதாதென்று அழுதும் தொலைத்தேன்.

பந்தல் வாசலில் மாலை போட்டு வைத்திருந்த படத்தில் இருந்தவருக்கு முழு வழுக்கை, நெற்றி நிறையத் திருநீறு. மனுஷன் எப்படி மாறிவிட்டான் என்று நினைத்தேனே தவிர, ஆளே வேறு என்று தோன்றவில்லை. தப்பு என்மேல் மட்டும் இல்லை. உன்னை நேரில் பார்த்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன் வாட்ஸ்ஆப் படத்தில் எப்போதும் ஒரு நாற்காலிதான் இருக்கும். நாற்காலியை வைத்து ஒருவனுடைய வழுக்கையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கத்து இலைக்காரர் மெதுவாக விசாரித்தார்.

"நீங்க அவருக்கு எந்த வழியில சொந்தம்ங்க?"

"கூடப் படிச்சேங்க."

"அவரு மூணாவதோட நின்னுட்டாருங்களே."

"அந்த மூணாவதுலதாங்க" என்றேன்.

அவர் என் மை பூசிய தலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இலையைக் கொஞ்சம் அந்தப்பக்கம் தள்ளி வைத்துக்கொண்டார். இறந்தவருக்கு எண்பதைத் தாண்டிய வயது என்று பிறகுதான் தெரிந்தது.

ஆனால் அழுகை படத்தைப் பார்த்து வரவில்லை. சமையல்காரர் ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார், முறுக்கினார், வளையமாகச் சுற்றித் தலையில் வைத்தார், சாம்பார் அண்டாவை அதன்மேல் ஏற்றிக்கொண்டு போனார். சும்மாடு. அதைப் பார்த்ததும் பருப்பு சாதத்தில் கையை வைத்தபடியே அழ ஆரம்பித்துவிட்டேன்.

வீடு எப்படித் தவறியது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உன்மேல் எனக்கிருந்த சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். நீ உயிரோடு இருந்தவரை கேட்கத் தைரியம் வரவில்லை. இப்போதென்றால் நீ எதிர்க்கேள்வி கேட்க மாட்டாய்.

நாம் இரண்டு பேரும் வடக்கே போய் இண்டஸ்ட்ரியல் டிசைன் படித்தது நம் பக்கத்தில் யாருக்கும் புரியவில்லை. இண்டஸ்ட்ரியல் என்றால் ஐ.டி.ஐ. என்று என் அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வெல்டரா, ஃபிட்டரா என்று கேட்டவர்களிடம் அவரே முடிவு செய்து ஃபிட்டர் என்றும் சொல்லியிருந்தார். அத்தை, டிசைன் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, "புடவைக்கு பார்டர் போடறதுக்கா அவ்ளோ தூரம் போற?" என்று வருத்தப்பட்டாள். டார்ச் லைட்டை எப்படிப் பிடித்தால் கை வலிக்காது, வாளியின் கைப்பிடி எத்தனை தடிமன் இருக்க வேண்டும் என்றெல்லாம் படிப்பதற்கு ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது என்றால் அவள் என்னைச் சந்தேகப்பட்டிருப்பாள். நானே சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் நீயும் நானும்தான். அறையும் ஒன்று. உனக்குத் தெரியக்கூடாத விஷயமும் ஒன்று இருந்தது. நான் உள்ளே வந்தது தாழ்த்தப்பட்டோருக்கான ஒதுக்கீட்டில். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிறவர்கள். கச்சிராயபாளையத்தில் எங்கள் வீடு இருப்பது காலனியில். பட்டணத்துக்காரனுக்குக் காலனி என்றால் வரிசை வீடுகள், காம்பவுண்டு கேட். நம் பக்கத்தில் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், கேட்கிறவன் மேற்கொண்டு ஜாதி கேட்கத் தேவையில்லை. ஆகவே வீடு எங்கே என்று கேட்டால் கோமுகி அணைக்குப் பக்கம் என்பேன். அணைக்கட்டு இன்ஜினியரின் மகன் என்று யாராவது நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய?

நீயோ "நம்ம கரும்பு", "நம்ம கழனி" என்று பேசுவாய். "கரும்பு வெட்டு முடிஞ்சாதான் எங்கப்பாவுக்கு ரெஸ்ட்டு" என்பாய். சரி, இவன் கோட்டை ஊரில் நிலக்காரர் வீட்டுப் பிள்ளை என்று முடிவுகட்டினேன். அன்றிலிருந்து உன்னிடம் வாயை அளந்துதான் திறந்தேன்.

விடுமுறைக்கு ஒன்றாகத்தான் வருவோம். சென்னையிலிருந்து சேலம் பஸ். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் நீ ரெக்ஸின் பையைத் தோளில் மாட்டிக்கொள்வாய். கண்டக்டர் "கோட்டை, கோட்டை" என்றதும் இறங்கிவிடுவாய். ஒரு தடவைகூட "வூட்டுக்கு வாடா" என்று நீ அழைத்ததில்லை. தெரிந்துவிட்டது, தெரிந்துதான் கூப்பிடவில்லை என்று கள்ளக்குறிச்சி வரும்வரை மனம் புழுங்கும். நானும் உன்னைக் கூப்பிட்டதில்லை. ஆனால் என்னிடம் அதற்குக் காரணம் இருந்தது.

பிறகு அந்த வருஷம் வந்தது. மத்திய அரசு வேலையில் பிற்பட்டோருக்கு இடம் என்று டில்லியில் அறிவித்தார்கள், வடக்கே பற்றிக்கொண்டது. நம் பக்கத்தில் அதற்குச் சில வருஷம் முன்னால் ஒதுக்கீடு வேண்டும் என்று மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். அங்கே வேண்டாம் என்று பஸ்ஸைக் கொளுத்தினார்கள். ஆக மொத்தம் நமக்கு எந்த ஊரிலும் பஸ் கிடைக்கவில்லை.

ஒதுக்கீடு வந்தால் இனி எங்களுக்கு இந்த வேலைதான் மிச்சம் என்று, கல்லூரி வாசலில் நம் வகுப்புப் பையன்கள் ஷூ பாலீஷ் போடும் போராட்டம் நடத்தினார்கள். பாலீஷ் டப்பாவைத் திறக்கத் தெரியாமல் ஒருவன் திருகிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "மூடி டிசைன் சரியில்ல" என்று என் காதில் சொன்னாய். எனக்குச் சிரிக்கப் பயம். யார் சிரிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்களோ என்று சந்தேகம்.

சந்தேகம் வீண் போகவில்லை. ஒரு மாலை சீனியர்கள் ஏழெட்டுப் பேர் விடுதியில் அறை அறையாக வந்தார்கள். நம் கதவைத் தட்டியதும் நீதான் திறந்தாய். நான் கட்டிலில், தலைகீழாகப் பிடித்த புத்தகத்தோடு. முன்னால் நின்றவன் உன்னைப் பார்த்து ஒரே சொல்லில் கேட்டான்: "கோட்டா?"

நீ நிமிர்ந்து நின்று, "கோட்டா" என்றாய்.

எனக்குப் பகீரென்றது. இந்தப் பைத்தியக்காரன் ஊர் பெயரைக் கேட்பதாக நினைத்துக் கோட்டை என்று சொல்லித் தொலைக்கிறானே! நம் பஸ் கண்டக்டர்கள் கெடுத்த கெடுப்பு. எலவனாசூரை முழுங்கிவிட்டு வெறும் கோட்டை, கோட்டை என்று கூவிப் பழக்கியிருக்கிறார்கள்.

அடுத்து அவன் என் பக்கம் திரும்பினான். "யூ?" பயத்தில் உன் வழியிலேயே போனேன். "கச்சிராயபாளையம்" என்றேன். அவன் திருப்பிச் சொல்லப் பார்த்தான். 'கச்சி' வரை வந்தது, அப்புறம் ஓடவில்லை. இன்னொருவன் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். ஆக, என்னைக் காப்பாற்றியது எங்கள் ஊர்ப் பெயரின் நீளம்.

அன்றிலிருந்து விடுதியில் உனக்குப் பெயரே கோட்டா. பட்டறையில் ரம்பம் உனக்குக் கடைசியாகத்தான் கிடைக்கும். நீ ஃபோம் மாடலை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது அதில் பெருவிரல் பதிந்த பள்ளம் இருக்கும். மெஸ்ஸில் நீ உட்கார்ந்த மேசையில் இடம் தாராளமாக இருக்கும். உண்மையில் எனக்கு வரவேண்டிய பள்ளமும் காலி மேசையும் உனக்குப் போய்க்கொண்டிருந்தன.

நன்றி வந்திருக்க வேண்டும். சந்தேகம்தான் வந்தது. நிலக்காரர் வீட்டுப் பிள்ளை, ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும், ஏன் சொல்லவில்லை? ஒருநாள் கேட்டேவிட்டேன், "ஏன்டா, அவன் ஊர் பேர கேட்டான்னா நெனச்ச?"

"கேட்டான், சொன்னேன். அத்தோட வுடு."

"இப்பவாச்சும் போய் இல்லன்னு சொல்லலாமில்ல."

"இல்லன்னு இன்னாத்துக்கு சொல்லணும்?" என்று சொல்லிவிட்டு உப்புத்தாளால் மாடலைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாய்.

அன்று தூக்கம் போயிற்று. இவனுக்கு என் விஷயம் தெரியும், எனக்காகத்தான் இதைத் தாங்குகிறான், தாங்கிவிட்டு ஒருநாள் என் சட்டையைப் பிடிப்பான் என்று தோன்றியது. நீ பெருந்தன்மையாக இருக்க இருக்க எனக்கு உன்மேல் பயம் ஜாஸ்தியானது.

கடைசி வருஷப் புராஜெக்ட்டுக்கு மலைப்பாதையில் சுமை தூக்குவதை எடுத்துக்கொள்ளலாம், கல்வராயன்மலைக்குப் போகலாம் என்று நீ சொன்னபோது சந்தேகம் உறுதியானது. வெள்ளிமலை பஸ் எந்த ஊர் வழியாகப் போகிறது? கச்சிராயபாளையத்தில் பஸ் நின்ற நேரம் முழுக்க நான் சீட்டுக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். செருப்பு காலில்தான் இருந்தது.

"இங்கதான உங்க வூடு?" என்று மேலேயிருந்து உன் குரல்.

"அணைக்கட்டுப் பக்கம்டா. உள்ள தள்ளி" என்று கீழேயிருந்து சொன்னேன்.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சரிவில், மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு இறங்கி வந்த அம்மாள் நம் அளவு நாடாவைப் பார்த்து நின்றுவிட்டாள். சர்க்கார் ஆட்கள், நிலத்தை அளக்க வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குச் சந்தேகம்.

"நீங்க இன்னா ஆளுங்க?"

நான் அவசரமாக அளவு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தேன். நீ சிரிக்காமல் சொன்னாய், "டிசைன் ஆளுங்கம்மா."

"அப்பிடி ஒரு ஆளுங்க கீழ இருக்கறாங்களா?"

"இப்பதாம்மா வந்துகினு இருக்கறாங்க. ரொம்ப கம்மி."

அவள் நம்பவில்லை. ஆனாலும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, எழுதிக்கொண்டே நிற்கிறீர்களே, ஒரு தடவை தூக்கித்தான் பாருங்களேன் என்று சீண்டினாள். நீ கழுத்தில் கிடந்த துண்டை எடுத்தாய். ஒரு முறுக்கு, ஒரு சுற்று, நுனியை உள்ளே செருகித் தலையில் வைத்தாய். மூட்டையை ஏற்றி வளைவு வரை போய்த் திரும்பினாய். கீழே ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நிலக்காரர் வீட்டுப் பிள்ளைக்குச் சும்மாடு சுற்ற எப்படித் தெரிந்தது? எனக்குத் தோன்றிய பதில் ஒன்றுதான்: என்னைச் சோதிப்பதற்காகக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான்.

என் முறை வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து புல்லுக்கட்டு தூக்கியவன் நான். ஆனால் துண்டை வேண்டுமென்றே தொளதொளவென்று சுற்றினேன், கோணலாக வைத்தேன், ஐயோ அம்மா என்றேன், மூட்டையை நழுவவிட்டேன். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. கிழங்குகளைப் பொறுக்கி மூட்டையில் போட்டுக்கொண்டே சொன்னாய்:

"கையிதான்டா நடிக்குது. கழுத்து ஆடவே இல்லியே."

அதோடு சரி. அப்புறம் அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. எடுக்காததுதான் என்னை அரித்தது. நீ செய்த சும்மாடு, பழைய டயர் ரப்பரில் வளையம், உள்ளே பஞ்சு, நடுவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. பக்கத்தில் நீ வரைந்து மாட்டிய படத்தில் ஒரு ஆள் சுமையோடு நடக்கிறான். முகம் இல்லை. கழுத்து என்னுடையது. இடதுபக்க மச்சம்கூட விடவில்லை. எங்கே கற்றாய் இதை என்று ஒரு பேராசிரியர் கேட்டதற்கு "அட் ஹோம், சார்" என்றாய். அனுதாப மார்க்குக்கு அடிபோடுகிறான் என்று மனதுக்குள் உன்னைத் திட்டினேன். கோட்டா என்ற பெயரையும் வைத்துக்கொண்டு, ஏழை வேஷமும் கட்டுகிறான் பார்.

படிப்பு முடிந்து நீ நாற்காலிகள் வரையப் புனே பக்கம் போனாய், நான் சென்னை. பொங்கலுக்குப் பொங்கல் போன். நீ இன்றைக்கு விஷயத்துக்கு வருவாய், இன்றைக்கு வருவாய் என்று ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டே பேசினேன். நீ நாற்காலிகளைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிடுவாய்.

நான் இப்போது ஷாம்பு பாட்டில் மூடிகள் வரைகிறேன். என் மூடிகளைத் திறக்க முடியவில்லை என்று என் மனைவியே புகார் சொல்கிறாள். பெரிய மீட்டிங்குகளில், யார் என்ன கேட்டுவிடுவார்களோ என்று தோன்றும் நேரத்தில், மேசைக்கு அடியில் என் கை தானாகக் கைக்குட்டையை முறுக்கி, சுற்றி, நுனியை உள்ளே செருகிவிடும். இறுக்கமான, சரியான சும்மாடு. மலையில் உன் முன்னால் சுற்றாமல் விட்டதுதான் அது. அதை மடியில் வைத்துக்கொண்டு பேசினால் கழுத்து ஆடுவதில்லை. பக்கத்தில் உட்காரும் பெண் இதை ஏதோ வியாதி என்று நினைக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டீங்களா என்று உன் மகள் கேட்டாள். ஆச்சும்மா என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன சில உண்மைகளில் ஒன்று.

வீடு தவறிய கதையைச் சொல்கிறேன் என்றேனே. நீ போய்விட்டாய் என்று சொல்ல அவள் போன் செய்தபோது, ஞாயிற்றுக்கிழமை ஊரில் காரியம் என்றாள், வழி சொல்ல ஆரம்பித்தாள். எனக்குத் தெரியாத ஊராம்மா என்று நான்தான் அழுதுகொண்டே வைத்துவிட்டேன். கோட்டையில் இறங்கி, காரியம் நடக்கிற வீடு எது என்று கேட்டேன், காட்டினார்கள், உட்கார்ந்தேன். பக்கத்து இலைக்காரர் துரத்தாத குறையாக எழுப்பிவிட்ட பிறகு, பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து அவளைப் போனில் கூப்பிட்டேன். கோட்டையில் எந்தத் தெரும்மா என்று கேட்டேன்.

"கோட்டையா? நம்ம ஊரு அது இல்லீங்களே அங்கிள். அப்பா அங்க பஸ்ஸுதான் மாறுவாரு. நீங்க திருக்கோவிலூர் பஸ்ல ஏறிக்கினு, கண்டக்டர்கிட்ட காலனி ஸ்டாப்புன்னு சொல்லுங்க. எறக்கி வுடுவாரு."