பாரம் கூடின பைக்குப் பரிசு

முள்ளிவாய்க்கால்
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் பிரியந்தினி எழுதுவது. மாதா துணையால் நாங்கள் மூவரும் இந்த நிமிடம் வரைக்கும் சுகமாக இருக்கிறோம். உங்களுக்கு முதுகு நோ குறைந்ததா, நீங்கள் வேலை செய்கிற வீட்டுக்காரர் இப்போதாவது நேரத்துக்குச் சாப்பிட விடுகிறார்களா. வியாழக்கிழமை சுதாஜினி அக்கா லீவு முடிந்து அங்கே குவைத்துக்குத் திரும்புகிறா, அவாவிடம் இதைக் கொடுத்துவிடுவேன். போனில் சொல்ல ஏலாது, அப்பா பக்கத்தில் இருப்பார். இப்போது அப்பாவும் தங்கச்சி கம்சாவும் நித்திரை, நான் குசினிக் கதவைச் சாத்திவிட்டு ரோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் குறை நினைக்க வேண்டாம்.

கோயிலில் மறைக்கல்விச் சின்ன வகுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள் என்று சொன்னேனே, பன்னிரண்டு பிள்ளைகள், எங்கள் கம்சாவும் அதில்தான். இன்றைய பாடம் படைப்பைப் பேணுதல். ஆமை பொலித்தீனை விழுங்கிச் செத்துப்போவதைச் சொன்னேன், ஒரு பிள்ளை அழுதே விட்டது. பிறகு ஆளுக்கொரு உரப்பை கொடுத்துக் கரைக்குக் கூட்டிப்போய், ஆண்டவர் படைக்காத எதுவும் இந்த மண்ணில் கிடக்கக் கூடாது, எதைக் கண்டாலும் பொறுக்குங்கோ என்று சொன்னேன். உற்சாகமாகச் செய்யட்டும் என்று, பாரம் கூடின பைக்கு என்னுடைய நிறப் பென்சில் பெட்டி பரிசு என்றும் சொன்னேன் அம்மா. அப்பா மீன் நிறுக்கிற தராசில்தான் நிறுத்தோம். பொலித்தீனுக்குப் பாரம் இல்லை என்று அதுகளுக்குக் கெதியில் விளங்கிவிட்டது. நான் தண்ணீர்க் கரையில் நின்ற நேரம் நாலைந்து பேர் பின்பக்கப் பனங்காணிக்குள் போய் இரும்பு தேடியிருக்கிறார்கள். பரிசு கம்சாவுக்குத்தான், ஐந்தரைக் கிலோ. பையைத் திறந்து பார்க்காமலே கைதட்டினேன்.

இரவு படுக்கையில் அவள் என் காதுக்குள் சொன்னாள், "அக்கா, என்ர பையில வால் வைச்ச இரும்பு ஒண்டு கிடக்கு. சேறு போகட்டும் எண்டு கல்லில அடிச்சுக் கழுவினனான்." அவள் நித்திரையானதும் போய்ப் பார்த்தேன். பழைய இரும்பு எடுக்கிறவர் காலையில் வருவார் என்று அப்பா பைகளை வலைக் குவியலுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறார். அவளுடைய பைக்குள் அது கிடந்தது, கத்தரிக்காய் அளவு, பின்னால் மீன் செட்டை போலத் தகடு. நான் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது மிதிவெடி அகற்றுகிறவர்கள் வந்து காட்டின படத்தில் இருந்த அதே சாமான், வெடிக்காத எறிகணை. தொடாதே, கல்லெறியாதே, வந்த வழியே திரும்பிப்போய்ப் பெரியவர்களிடம் சொல் என்று எங்களுக்குப் பாடமாக்கித் தந்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ஒருவரும் வந்து சொல்லவில்லை, வெடியெல்லாம் துப்புரவாக்கியாச்சு என்று எச்சரிக்கைப் பலகையையும் பிடுங்கிவிட்டார்கள். தெரிந்த நானும் மறந்துபோனேன். குப்பை என்றால் சொப்பின் பையும் போத்தலும்தான் என்று நினைத்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னால் ஆமி வரும், பொலிஸ் வரும், நாடா கட்டி வீட்டையும் வலையையும் அடைத்துவிடுவார்கள். இப்போதுதான் நாலு மீன் படுகிறது. போன வருடம் யோகநாதன் மாமா கிணற்றடியில் ஒன்றைக் கண்டு அறிவித்ததற்கு மூன்று நாள் கூப்பிட்டு விசாரித்தார்கள். கம்சாவையும் அப்படிக் கேட்பார்களோ. படிக்கிற பிள்ளைக்கு ஏன் இந்த ஊர்வேலை என்று அப்பா முதலே ஏசினவர். பேசாமல் நானே தூக்கிக்கொண்டுபோய்க் கடலில் போட்டுவிடுவோம் என்று நினைத்துப் பையில் கையும் வைத்துவிட்டேன் அம்மா. அப்போதுதான் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போது கதைத்தது ஞாபகம் வந்தது. கம்சா எடுத்த இடத்தைக் கேட்டு அறிந்துகொண்டு ஜெனோசன் சொன்னான், "அங்க இன்னும் பெரிசு கிடக்காம். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு முதல் போய் எடுப்பம்." அப்போது நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

கையை எடுத்துவிட்டேன். அப்பா மூன்று மணிக்குத் தொழிலுக்கு எழும்புவார், அதுவரை பொறுக்க ஏலாது, இதை மடித்து வைத்துவிட்டு இப்போதே எழுப்பப் போகிறேன். அடித்தால் அடிக்கட்டும். பிறகு விடிய முதல் மற்றப் பதினொரு வீட்டுப் படலையிலும் நின்று, நான் சொல்லித் தந்தது பிழை, ஒன்றையும் தொடாதேங்கோ என்று பிள்ளைகளை எழுப்பிச் சொல்ல வேண்டும்.

நீங்கள் மருந்தை நேரத்துக்கு எடுங்கோ, பாரம் தூக்காதேங்கோ. மாதா உங்களைக் காப்பா, எங்களுக்காக ஒரு செபமாலை சொல்லுங்கோ. கம்சாவோடு கதைக்கும்போது அவளை ஏச வேண்டாம். அவள் நான் சொன்னதைத்தான் செய்தவள்.

உங்கள் மூத்த மகள்
பிரியந்தினி