உன் இலையில் வெள்ளைச் சோறு, என் இலையில் கேழ்வரகு

என்னைப் பெறாமலே வளர்த்த என் அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நேற்று உன் திதி. அதில் நடந்ததை நானே உன்னிடம் சொல்லிவிட வேண்டும். அத்தான் தினமும் உன் படத்துக்கு முன்னால் நின்று பேசுகிறார். தன் பக்கத்தை மட்டும்தான் சொல்லியிருப்பார்.

முதலில் ஊர்ச் செய்தி. வெள்ளைக்காரன் போய்விட்டான் அக்கா, மலாயா நம் கைக்கு வந்துவிட்டது. மெர்டேக்கா என்று காஜா பெராங் ரோட்டில் கடைக்குக் கடை கொடி கட்டியிருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் அன்றைக்கு வெள்ளைச் சோறு வடித்து, டின்பால் ஊற்றிப் பாயசம் வைத்து, தெருவுக்கே கொடுத்திருப்பாய்.

இனி என் செய்தி. உனக்கு வந்த இனிப்பு நீர் வியாதி எனக்கும் வந்துவிட்டது. செருப்பு கடித்த புண் ஆறவே மாட்டேன் என்கிறது. உனக்கும் அப்படித்தானே ஆரம்பித்தது? ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்துக்கொண்ட அதே நர்ஸ் மிஸ்ஸிதான் எனக்கும் கட்டுப் போட்டாள்.

“உங்க அக்கா மாதிரியே வந்து நிக்கிறீங்களே. வெள்ளச் சோத்தக் கொறைங்க. சீனியும் டின்பாலும் வேணாம். கீரை, பயறு, கேழ்வரகுன்னு சாப்பிடுங்க. வாயக் கட்டலன்னா ஊசி மட்டும் என்னா செய்யும்?”

கேழ்வரகு என்றதும் எனக்கு முகம் வேர்த்துவிட்டது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

ஜப்பான்காரன் காலத்தில் அம்மா போன பிறகு, ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் நீதான் எனக்கு அடுப்பு மூட்டினாய். கால்வாய் ஓரத்துக் கீரையைப் பறித்து வருவாய். கேழ்வரகுக் கூழில் அடியில் இருக்கிற கெட்டியை எனக்கு ஊற்றிவிட்டு, மேலே நின்ற தண்ணீரை நீ குடிப்பாய். சண்டை முடிந்து அரிசி வந்த அன்றைக்கு என் தலையில் கை வைத்து, “இனிமே ஒன் வாயில கூழு படாது அஞ்சல” என்றாய். கடைசிவரை அந்தச் சொல்லைக் காப்பாற்றினாய். என் கோப்பியில் டின்பால் ஊற்றும்போது உன் கை நிற்கவே நிற்காது.

நாம் மட்டுமா? தோட்டத்திலிருந்து வந்த நம் ஆட்கள் எல்லாருமே அப்படித்தான். கீரை கடைகிற நேரத்தில் விருந்தாளி வந்துவிட்டால் சட்டியைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைப்போம். பசிக்குத் தின்றதெல்லாம் கேவலம், வெள்ளையாக இருந்தால் கௌரவம். இதை நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது அக்கா?

பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாவைப் பார்த்துத்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. உனக்குத் தெரியுமே, பல தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கிற செட்டிக் குடும்பம்; அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். ஒருநாள் நான் வேலியில் முருங்கைக்கீரை பறித்து முந்தானையில் மறைத்துக்கொண்டு போனேன். “மாலு அப்பா?” என்று கேட்டுச் சிரித்தார். இதில் வெட்கம் என்ன என்கிறார். அவர் வீட்டில் நல்ல நாளிலும் பச்சை இலையை மிளகாய்ச் சம்பலில் தொட்டுத் தின்கிறார்கள். யாரும் எதையும் ஒளிப்பதில்லை.

அதன் பிறகு வேலியோரம் கீரைக்காக வள்ளிக்கிழங்குக் கொடியும் ஊன்றினேன். பறிக்கப் பறிக்கத் துளிர்க்கிறது. பசாருக்குப் போவதே குறைந்துவிட்டது. ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட்டேன். உனக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருந்தது.

அப்புறம் திதி வந்தது. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். படைத்த இலையில் கூடப்பிறந்தவர்கள் உட்கார்ந்து மிச்சமில்லாமல் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் போனவர்கள் பசியோடு போவார்கள் என்போம். உனக்கு நான் ஒருத்திதான். அத்தான் உன் இலையில் சோற்றைக் குவித்தார். பாயசம், கேசரி, டின்பால் கோப்பி, எல்லாம் வைத்தார். நான் பக்கத்தில் இன்னொரு இலையைப் போட்டுக் கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் வைத்தேன்.

“என்னா இது?”

“இது என் இலை அத்தான்.”

“மெர்டேக்கா கெடச்சும் ஒனக்கு ஜப்பான்காரன் சாப்பாடுதான் வேணுமா? அவ பாத்தா என்னா நெனைப்பா?”

“அவ நெனைக்கிறது இருக்கட்டும். இந்தக் காலப் பாருங்க.”

கட்டை அவிழ்த்துக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு உன் படத்தைப் பார்த்தார். உன் காலை வெட்டி எடுத்த நாள் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். எனக்கும்தான்.

“அப்ப இவ இலைய யாரு சாப்புடறது?”

“நீங்க சாப்புடுங்க. இத்தன வருசம் அவ போட்ட சோத்தத்தானே தின்னீங்க.”

“நான் என்னா அவகூடப் பொறந்தவனா?” என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். நான் என் இலையில் உட்கார்ந்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு களி தின்றேன். முதல் கவளத்தை வாசலைப் பார்த்துக்கொண்டே விழுங்கினேன். இரண்டாவதை இலையைப் பார்த்துத் தின்றேன். பாதியில் ஒரு கை என் இலைக்கு வந்து கொஞ்சம் கீரையை அள்ளியது.

“உப்புக் கொறைச்சல்” என்றார் அத்தான்.

கோபமா அக்கா? நான் யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு நீ கெட்டியை எனக்குக் கொடுத்தது கேழ்வரகு பிடித்ததாலா? நான் சாகக் கூடாது என்றுதானே? இப்போது நானும் அதற்காகத்தான் சாப்பிடுகிறேன். புண் இன்னும் ஆறவில்லை. ஆனால் பெரிதாகவில்லை என்கிறாள் மிஸ்ஸி.

உனக்கு இலை போட என்னைவிட்டால் யாரும் இல்லை. அதனால் வாக்குக் கொடுக்கிறேன். வருகிற திதிக்கும் உன் இலையில் வெள்ளைச் சோறு இருக்கும், பாயசம் இருக்கும். அதை என் இரண்டு காலில் நின்று நானே பரிமாறுவேன்.

கெட்டிக் கூழ் குடித்து வளர்ந்த
உன் தங்கை
அஞ்சலை
காஜா பெராங், மலாக்கா