மேல்மண்

அண்ணா, தடாவில் என் வாடகை அறை முழுக்க இப்போது மாம்பழ வாசம். உங்கள் நிலத்துப் பெங்களூரா, முதல் காய்ப்பு. காலையில் அண்ணி வரதய்யபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து பையோடு வைத்துவிட்டுப் போனார். பத்துப் பழம் இருக்கும். ஒன்றைக்கூட என்னால் தொட முடியவில்லை.

கிராவல் மண் வெட்டி எடுக்க உங்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வந்த காண்டிராக்டரின் சூப்பர்வைசர் நான். நீங்கள் போட்டது ஒரே நிபந்தனை. மேல்மண் ஒன்றரை அடியைத் தனியாகச் சுரண்டிக் குவிக்க வேண்டும்; வேலை முடிந்து பள்ளத்தை மூடும்போது கழிவு மண்ணை அடியில் போட்டு, அந்த மேல்மண்ணைக் கடைசியாக மேலே பரப்ப வேண்டும். விதியும் அதுதான். ஆனால் விதியை நம்பி நீங்கள் வீட்டில் உட்காரவில்லை. குவியலைச் சுற்றி முள் வைத்தீர்கள், மழையில் கரையாமலிருக்கச் சணப்பு விதை தூவினீர்கள். சாயங்காலமானால் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பீர்கள்.

"எல்லாரும் நெல்ல மூட்ட கட்டுவாங்கோ. நான் நெலத்தயே மூட்ட கட்டி வெச்சிக்கிறேன், பாத்துக்கோ தம்பி" என்று சிரிப்பீர்கள். டிரைவர்களும் சிரிப்பார்கள்.

பள்ளம் மூடிய நாளில் நீங்கள் ஊரில் இல்லை, மகளைப் பார்க்கப் புத்தலப்பட்டு போயிருந்தீர்கள். மறுநாள் காலை நிலத்தைப் பார்க்க அதிகாரிகள் வருவதாகத் தகவல். கழிவு மண் அந்தக் கோடியில் கிடந்தது, அதை அள்ளிவர வேண்டிய டிப்பர் வரவில்லை. உங்கள் குவியல் பள்ளத்தின் ஓரத்திலேயே இருந்தது. ஜேசிபி டிரைவர் என் முகத்தைப் பார்த்தான். "கிட்ட இருக்கிறத மொதல்ல தள்ளு" என்றேன். அண்ணா, ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. டிப்பர் மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தது, கழிவு மண் மேலே ஏறியது. பார்வைக்குப் பச்சையாக இருக்கட்டும் என்று, பிடுங்கிய சணப்பை அதன் மேல் பரப்பவும் சொன்னேன். அந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

அதிகாரிகள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். நீங்கள் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்தில் இறங்கினீர்கள்.

"தம்பி, எம்மண்ணு மேலதான கீது?"

"மேலதான் கீதுண்ணா."

நீங்கள் என் தோளைத் தட்டிக்கொடுத்தீர்கள்.

அந்த வருடம் போட்ட வேர்க்கடலை இருபது நாளில் மஞ்சளித்தது. இறுகிக் கிடந்த மண்ணில் காய் பிடிக்கிற விழுது இறங்கவே இல்லை. முதல் வருடம் அப்படித்தான் இருக்கும், இரண்டு மழை பெய்தால் சரியாகிவிடும் என்று பெரிய விவசாயி மாதிரி உங்களுக்கே பாடம் எடுத்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டீர்கள்.

அடுத்த வருடம் கடலை போடவில்லை. மாங்கன்றுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தீர்கள், ஒவ்வொன்றும் இடுப்பளவு. கன்றுக்கு எதற்கு இத்தனை ஆழம் என்று கேட்டேன்.

"அடியில இன்னா கீதுன்னு பாக்கறேன்" என்றீர்கள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தீர்கள். நான் வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தேன்.

அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை வந்தேன். ஒவ்வொரு தடவையும் டீ கொடுத்தீர்கள், வேலையைக் கேட்டீர்கள், என் பிள்ளைகளைக் கேட்டீர்கள். போன தை மாதம் நெஞ்சு வலியில் நீங்கள் ஒரேயடியாகப் போய்விட்டபோதும் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

இன்று பழத்தைப் பார்த்ததும் அண்ணியிடம் உடைந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும்பா. குழி வெட்டின அன்னிக்கே கைநெறைய மண்ணு எடுத்தாந்து காட்னாரு. அதுல பழைய கடலத் தோடு, சணப்பு வேரு எல்லாம் இருந்திச்சி. நான் சண்டைக்கு வர்றேன்னேன். 'வேணாம், அவனே வந்து சொல்லட்டும், அது வரிக்கும் ஒண்ணும் கேக்காத'ன்னு சொல்ட்டாரு. நீ வர்றப்பல்லாம் டீ வெக்கச் சொல்லிட்டு, உன் மூஞ்சியையே பாத்துக்கினு இருப்பாரு."

இப்போது எந்த நிலத்தை மூடினாலும் கடைசி நடை மண் விழும்வரை நான் அங்கேயேதான் நிற்கிறேன். கூட இருப்பவர்கள் கிண்டல் செய்கிறார்கள். நல்ல சூப்பர்வைசர் என்று பெயர்கூட வந்திருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்கும்போது கூசுகிறது. உங்கள் மாமரம் வேரை அடிவரை இறக்கி அந்த மண்ணைத் தேடிப் பிடித்துவிட்டது. வாசல்வரை வந்து டீ குடித்த எனக்குத்தான் ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

கேட்டீர்களே அண்ணா, மேலதான கீது என்று. மேலே இல்லை. அடியில் கிடக்கிறது. நான்தான் போட்டேன்.