அப்பாவின் இடதுபக்கம்

பொழியூர்,
புதன்கிழமை.

அன்பு மகள் ரெஜிஷாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் பிள்ளையும் அங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன், இங்கே நாங்கள் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அது எந்நேரமும் உன் தம்பி ஜெய்சனின் கையில், நான் பேசினால் பக்கத்தில் வந்து நிற்கிறான். அவன் மலையாளப் பள்ளியில் படித்தவன், தமிழ் எழுத்து தெரியாது, அந்த மட்டில் நல்லதாகப் போயிற்று. பக்கத்து வீட்டுப் பிந்து சனிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறாள், அவள் பெட்டியில் கருவாட்டோடு இதையும் வைக்கிறேன்.

வாதம் வந்த பிறகு அப்பாவுக்குப் பேச்சு தெளிந்துவிட்டது என்று உனக்குச் சொன்னோம். சொல்லாமல் விட்டது இது, இடதுபக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. தட்டில் வலதுபாதிச் சோற்றைத் தின்றுவிட்டு இன்னும் போடு என்பார், தட்டைத் திருப்பி வைத்தால் மீதியைத் தின்பார். கரைமேட்டில் நின்று கடலின் நிறத்தைப் பார்த்தே மீன்கூட்டம் வருகிறதென்று துண்டை வீசிக் காட்டிய மனுஷன், இன்றைக்குத் தன் இடதுகையை யாருடையது என்று கேட்கிறார். நெய்யாற்றின்கரை டாக்டரம்மா, கண்ணுக்கு ஒன்றுமில்லை அம்மச்சி, அந்தப் பக்கம் பார் என்று மூளைதான் சொல்லவில்லை என்றாள். தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டு, முதலில் அதைத் தேடச் சொல், தினமும் பழக்கினால் கொஞ்சம் மாறும் என்றாள். அப்படியே செய்து வந்தேன்.

இனி ஜெய்சன் காரியம். கொஞ்ச காலமாகப் போனில் ஷேர் வாங்கி விற்கிறான். முதலில் நன்றாகக் கிடைத்தது, அது நம்முடைய கெட்ட காலம். இதெல்லாம் வேண்டாமடா என்றால், "கடலுக்க நெறம் பாத்து மீன் சொல்லுகவனுக்கு இது ஒரு காரியமாக்கும்?" என்று சிரித்தான். அப்பாவின் கண் அவனுக்கு உண்டு, வள்ளத்தில் எல்லாரும் அவனைத்தானே முன்னால் நிறுத்துவார்கள். அந்தக் கண்தான் அவனைக் கெடுத்தது. கடலில் மீன் துள்ளுகிற இடத்தைப் பார்த்தால் போதும், துள்ளாத தண்ணீர் நம்மை ஒன்றும் செய்யாது. போனிலும் அப்படியே பார்க்கிறான். ஒருநாள் அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அவன் கண்ணைக் கவனித்தேன். பச்சையாக ஏறுகிற வரியில் கண் போய் ஒட்டிக்கொள்கிறது, கண் நின்ற இடத்துக்குப் பின்னாலேயே விரல் போகிறது. இறங்குகிற சிவப்பு வரி வந்தால் கட்டைவிரலால் தள்ளிவிடுகிறான். சிவப்பையும் பாரடா என்றேன், "அது கெடக்கட்டும், நாளைக்குப் பச்சையாவும்" என்றான். அப்பாவுக்கு நோய் என்று சீட்டு எழுதித் தந்தார்கள், இவனுக்கு யார் எழுதித் தருவார்கள்? அப்பாவின் தட்டைத் திருப்பி வைக்கலாம், இவனுக்கு நான் எதைத் திருப்பி வைப்பேன்?

மனதைத் தேற்றிக்கொண்டு படி. வள்ளத்து எஞ்சினை விற்றுவிட்டான். நான் மாதா கோயிலில் பூசைக்குப் போன நேரத்தில் ஆள் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பணமும் ஷேரில் போய்விட்டது. வள்ளம் மணலில் கிடக்கிறது. இனி மிச்சம் உன் பெயரில் இருக்கும் இந்த வீடும் மண்ணும்தான். அதை விற்கத் தனக்கு அதிகாரம் கொடுத்துப் பவர் எழுதி அனுப்பு என்று உன்னிடம் கேட்கப் போகிறான், உதியன்குளங்கரையிலிருந்து ஒரு புரோக்கர் வந்து அளந்துவிட்டும் போயிருக்கிறான். வீடியோவில் கூப்பிட்டுப் பச்சையை மட்டும் காட்டுவான், நீயும் அவன் அக்காதானே, பார்த்தால் மயங்கிவிடுவாய். பார்க்காதே மக்கா. அழுதாலும் ஒப்புக்கொள்ளாதே. அவன்மேல் எனக்குப் பாசம் இல்லாமல் சொல்லவில்லை, இந்தக் கூரையும் போனால் அப்பாவை எங்கே கிடத்துவேன்?

எஞ்சின் வைத்திருந்த ஸ்டாண்டு அப்பாவின் கட்டிலுக்கு இடதுபக்கச் சுவர் ஓரம். அது காலியாகக் கிடப்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஜெய்சன் கடலுக்குப் போய் வந்தானா, எஞ்சினைக் கழுவி வைத்தானா என்று தினமும் கேட்கிறார், வைத்தான் என்கிறேன். நாடாவைத் தட்டிலிருந்து பிய்த்து எறிந்துவிட்டேன். டாக்டரம்மா கேட்டால் தினமும் பழக்குகிறேன் என்றுதான் சொல்வேன்.

இரவு டியூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே, பிள்ளையை வெயிலில் விடாதே. மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானையில் பொதிந்து வைக்கட்டும். படித்ததும் இதைக் கிழித்துவிடு, பவர் காரியம் மறக்காதே. லீவு கிடைத்து வரும்போது அப்பாவின் வலதுபக்கமாக வந்து நில். இடதுபக்கம் நின்று கூப்பிட்டால் உன் குரல் கேட்கும், வலதுபக்கமெல்லாம் உன்னைத் தேடுவார்.

உன் அம்மா,
சிசிலி இக்னேஷியஸ்