அரைப் பக்கப் படிவம்

ஜூலை 3, வியாழன்

கல்லூரியிலிருந்து ஃபீஸ் பில் வந்திருக்கிறது. பாப்பாவின் மூன்றாவது செமஸ்டர். கடைசித் தேதி பதினெட்டு. வழக்கமாக பில் வருவதற்கு முன்பே உதவித்தொகை கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மிச்சத்தை நான் கட்டுவேன். இந்தத் தடவை அந்த வரிக்கு எதிரே ஒரு சொல்தான் இருக்கிறது: நிலுவையில்.

முழுசையும் நாமே கட்டுவதென்றால் என் நாலு மாதச் சம்பளம்.

அந்தச் சொல்லை முப்பத்தோரு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். அதே கல்லூரி, அதே முத்திரை. பில்லை மடித்து இந்த நோட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

காலையில் ஷூ மாட்டிக்கொண்டே பாப்பா கேட்டாள். (பத்தொன்பது வயது, இன்னும் எங்களுக்குப் பாப்பா.)

"அப்பா, ஃபீஸ் பில் வந்துச்சா? சிலருக்கு ஸ்காலர்ஷிப் இன்னும் வரலையாம். கட்டாதவங்க பேரை போர்டுல ஒட்டுவாங்களாம்."

"நமக்கு வந்துருச்சும்மா. மிச்சத்தை நான் கட்டிட்டேன்."

எப்படி வாயில் வந்தது என்றே தெரியவில்லை. 'போர்டுல ஒட்டுவாங்க' என்று அவள் சொன்னதும் வந்துவிட்டது. ரசீது எங்கே என்றாள். வேலை செய்யும் இடத்தில் பெட்டிக்குள் இருக்கிறது என்றேன். ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய். அவள் அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளும் நம்பிவிட்டாள். நம்பாமல் என்ன செய்வாள்? இருபத்திரண்டு வருஷத்தில் நான் கட்டிவிட்டேன் என்று சொன்ன எதையும் கட்டாமல் இருந்ததில்லை.

இன்னும் பதினாலு நாள். எப்படியாவது புரட்டிவிடலாம்.

ஜூலை 6, ஞாயிறு

பரண் மேலிருந்து பழைய டிராஃப்டரை, வரைபலகையில் மாட்டிக் கோடு போடும் கருவியை, எடுத்துத் துடைத்தேன். "இப்ப எதுக்கு அந்த இரும்பு?" என்றாள் இவள், பாப்பாவின் அம்மா. சும்மா என்றேன்.

கல்லூரியில் எனக்கும் ஒட்டடைக்குச்சிக்கும் சேர்த்து இது ஒன்றுதான். என் அறைத்தோழன். ஆறடி உயரம், ஒரு பிடி சதை கிடையாது, அதனால் அந்தப் பெயர். அவன் இடதுகைக்காரன், நான் வலதுகை. அவன் வரைந்து முடித்ததும் திருகைக் கழற்றி எனக்காகத் திருப்பி மாட்ட வேண்டும். மாட்டி மாட்டித் திருகின் தலையே மழுங்கிப்போனது. இன்று தடவிப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது.

வரைகூடம் எவ்வளவு பெரியது! ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். சாயங்கால வெயில் தாள்மேல் சாய்ந்து விழும்போது பென்சில் கோடெல்லாம் பளபளக்கும். சீவிய பென்சில் வாசனை. ஒட்டடைக்குச்சி விசிலடிப்பான், மேற்பார்வையாளர் தேடிக்கொண்டு வருவார், இவன் என்னைக் கைகாட்டுவான். இயந்திர வரைபடத்தில் எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. வகுப்பிலேயே முதல். இதை இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

வீட்டில் ஓடும் கதை வேறு. "எனக்குப் படிப்பு ஏறலை, அதான் ஆளுங்களை ஏத்தி எறக்குற வேலைக்கு வந்துட்டேன்." கல்யாணத்துக்கு முன்னால் இவளிடம் சொன்னதும் இதுதான். எல்லோரும் சிரிப்பார்கள். லிஃப்ட் மெக்கானிக்குக்கு இதைவிட நல்ல ஜோக் கிடைக்காது. இவள் தம்பி, என் மச்சான், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பான்.

ஜூலை 7, திங்கள்

ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே டை கட்டிய ஒருவர் முக்கால் மணி நேரம் கதவை நோண்டிக்கொண்டே இருந்திருக்கிறார். விரலெல்லாம் ரத்தம். கண்ணெதிரே அவசர மணி!

"சார், மாட்டிக்கிட்டா மணியை அழுத்துங்க, கதவை நோண்டாதீங்கன்னு எழுதியே வச்சிருக்கோமே?"

"இல்லப்பா... எல்லாருக்கும் தெரிஞ்சிடும்... ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார்.

படித்த மனுஷன்! நன்றாகத் திட்டிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

சங்கத்தில் கடன் கேட்டேன். பழைய கடன் முடிய இன்னும் ஏழு தவணை இருக்கிறதாம். முடியாதாம்.

ஜூலை 11, வெள்ளி

மேனேஜரிடம் முன்பணம் கேட்கலாம் என்று போனேன். கதவைத் திறந்தால் கிறீச்சென்று ஒரு சத்தம்.

"என்னப்பா, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல சார். கதவு கத்துது. எண்ணெய் விடலாம்னு வந்தேன்."

விட்டுவிட்டும் வந்தேன். கதவு இப்போது வெண்ணெய் மாதிரி திறக்கிறது. நானும் இருக்கிறேனே ஒரு ஆள்!

ஜூலை 13, ஞாயிறு

பாப்பா மேசையில் உட்கார்ந்து புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொன்றிலும் பெயர், வகுப்பு, 'மூன்றாம் செமஸ்டர்'. அந்த எழுத்தைப் பார்க்க முடியாமல் மாடிக்கு வந்து எழுதுகிறேன்.

அந்த நாளை எழுதிவிடுகிறேன். எங்கேயும் எழுதினதில்லை.

இரண்டாம் வருஷம். உதவித்தொகை வரவில்லை. வரைகூடத்துக் கதவில் பட்டியல் ஒட்டினார்கள். நாலு பெயர், மூன்றாவது நான். எல்லோரும் என்னையே பார்த்த மாதிரி இருந்தது. பார்த்தார்களா? இப்போது யோசித்தால் ஒருத்தர் முகமும் நினைவில் இல்லை. மறுநாள் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

"கவுன்ட்டர்ல போய்க் கேட்டுத்தான் பாரேன்டா" என்றான் ஒட்டடைக்குச்சி. "கேட்டா தலையையா வாங்கிடுவாங்க?"

"கை நீட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தான். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக டிராஃப்டரை உள்ளே திணித்தான். "வச்சுக்க. திரும்பி வர்றப்ப எடுத்துட்டு வா."

எனக்கு இருபது வயது. திரும்பிப் போகவில்லை. அவனுக்குக் கடிதமும் போடவில்லை. அந்த வருஷம் முழுக்க அவன் எதை வைத்து வரைந்தான்?

ஜூலை 16, புதன்

தெரிந்துவிட்டது.

போர்டில் பெயரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பையைக்கூடக் கழற்றவில்லை.

"கட்டிட்டேன்னு சொன்னீங்களேப்பா?"

கட்டிடலாம்னு... உன் பேர் போர்டுல வரக்கூடாதுன்னுதாம்மா... என்னென்னவோ உளறினேன்.

"பேர் வந்தா என்னப்பா? அறுபது பேர் பேர் இருக்கு! எல்லாரும் போன வாரமே ஆபீஸ்ல எழுதிக் குடுத்து டைம் வாங்கிட்டாங்க. நமக்குத்தான் கட்டியாச்சேன்னு நான் அந்தப் பக்கமே போகலை. வெள்ளிக்கிழமையோட முடியுதுப்பா. அதுக்குள்ள குடுக்கலைன்னா இந்த செமஸ்டரே போச்சு."

இவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஊரெல்லாம் மணியை அழுத்துங்க, மணியை அழுத்துங்கன்னு சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு பாப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன். எனக்கு நடந்தது இவளுக்கு நடக்கக்கூடாதுன்னு நெனச்சு நானே நடத்தி வச்சுட்டேனே.

ஜூலை 18, வெள்ளி

பெற்றவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். லீவு போட்டேன். பஸ்ஸில் பாப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

முப்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசல். வரைகூடத்தில் இப்போது கம்ப்யூட்டர்கள். ஜன்னல்களை மாற்றவில்லை. அலுவலகத்துக் கவுன்ட்டரும் அதே இடத்தில்தான். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஐந்து பேர். முறை வந்ததும் பாப்பா சாதாரணமாகக் குனிந்து, "மேடம், ஸ்காலர்ஷிப் லேட், டைம் வேணும்" என்றாள். கடையில் உப்பு கேட்கிற மாதிரி.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு தாளை நீட்டினார்கள். தாள்கூட இல்லை, பாதித் தாள். பெயர், வகுப்பு, காரணம். காரணத்தையும் நாம் எழுத வேண்டியதில்லை. 'உதவித்தொகை தாமதம்' என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரு கட்டம். டிக் போட்டால் போதும். என் ஒருவனுக்கு மட்டும் நடந்த அவமானம் என்று இத்தனை காலம் பொத்தி வைத்திருந்தேன். அதற்கு ஒரு கட்டம் போட்டு அச்சடித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள்!

கையெழுத்துப் போட்டுவிட்டு, "இது எப்ப வந்துச்சும்மா, இந்தப் படிவம்?" என்று கேட்டேன்.

அந்தம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நான் சேர்ந்தப்பவே இருந்துச்சு சார். ஆச்சு, முப்பத்தி நாலு வருஷம்."

முத்திரை குத்தி அவகாசச் சீட்டைக் கொடுத்தார். செப்டம்பர் முப்பது வரை. மொத்தம் ஏழு நிமிஷம்.

அப்படியென்றால் அன்றைக்கும் இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இந்தம்மா இருந்திருக்கிறார். பாதித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு. நான்தான் வரவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பாப்பா பதறிப்போனாள். "என்னப்பா? நான் ரொம்பப் பேசிட்டேனாப்பா?"

இல்லடா என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். தொண்ணூற்றிரண்டு, பட்டியல், ஒட்டடைக்குச்சி, டிராஃப்டர், பஸ். ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம், "எந்த ஜன்னல் கிட்டப்பா உங்க பலகை?" என்றாள். இருவரும் எழுந்து போய்ப் பார்த்தோம். நாலாவது ஜன்னல்.

ஜூலை 19, சனி

இவளிடமும் சொல்லிவிட்டேன். "இருபத்திரண்டு வருஷமா சிரிக்க வச்சே ஏமாத்தியிருக்கீங்க" என்றாள். ராத்திரி எனக்கு மட்டும் ஒரு கரண்டி சோறு கூடப் போட்டாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

உதவித்தொகை வந்துவிட்டது. மிச்சத்தைக் கட்டினேன். ரசீது நோட்டுக்குள் இருக்கிறது. நிஜ ரசீது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மச்சான் தன் புதுக் கூட்டாளி ஒருவரைச் சாப்பிடக் கூட்டி வந்திருந்தான். அவர் என்னிடம், "நீங்க என்ன படிச்சிருக்கீங்க சார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டான்.

"மாமாவா? அவருக்குப் படிப்பு ஏறலைங்க. அதான்..."

வழக்கம்போலச் சிரிக்கத் தயாராகி என்னைப் பார்த்தான். பாப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"இல்ல மாமா. அப்பாவுக்குப் படிப்பு நல்லாவே வந்துச்சு. பணந்தான் நேரத்துக்கு வரலை."

யாரும் சிரிக்கவில்லை. இவள் எனக்குத் தண்ணீர் ஊற்றினாள். நான் குழம்பு விட்டுக்கொண்டேன்.