உங்கள் கால் படாத கல்

அன்பு அத்தானுக்கு,

ஹாலில் கல் பதித்து முடித்துவிட்டார்கள். வீடு பளபளவென்றிருக்கிறது. என்ன இருந்து என்ன?

தறிகளுக்கு நடுவே நாளெல்லாம் ஓடின மனுஷர் நீங்கள். சர்க்கரை கண்ணைக் கொண்டுபோன பிறகு, கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் போகவும் என் கை வேண்டியிருந்தது. அந்த வெட்கம் உங்களைத் தின்றது. "கையப் பிடிக்காத ஏட்டி, நான் என்ன சின்னப்புள்ளையா?" என்று எரிந்து விழுவீர்கள். நான் மட்டும் சும்மா இருந்தேனா? "அப்ப விழுந்து கெடங்க" என்பேன். பிறகு ஓடிவந்து பிடிப்பேன்.

என் கை இல்லாமல் நீங்கள் தனியாக நடக்கத்தானே ராஜபாளையம் ரோட்டுக் கல் கடைக்கு உங்களைக் கூட்டிப்போனேன். கடைக்காரர் பாலிஷ் கிரானைட்டைக் காட்டி, "தடவிப் பாருங்கக்கா, கண்ணாடிதான்" என்றார். "அவுக காலால பாக்கணும்" என்று உங்கள் செருப்பைக் கழற்றவைத்தேன். ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்கினீர்கள். லெதர் பினிஷ் கல்லில் நின்றதும் சிரித்தீர்களே! "இது மாட்டு நாக்கு கணக்கா சொரசொரன்னு இருக்கு. இதையே போடு."

ஹால் முழுக்கப் பாலிஷ், நடுவே உங்கள் பாதைக்கு மட்டும் அந்தச் சொரசொரப்பு. கொத்தனார் கல்லைக் கோணலாகத் திருப்பிப் போட்டால் எடுப்பாக இருக்கும் என்றார். நான் சண்டை பிடித்தேன். கல்லின் இணைப்புக் கோடு கால்விரலில் தட்டித் தட்டியே பாத்ரூம் வாசலில் கொண்டுபோய் விடவேண்டும், நேராகப் போடுங்கள் என்றேன். இடறினாலும் காலை வெட்டாதபடி பாத்ரூம் வாசற்படியின் முனையை உருட்டச் சொன்னேன்.

கல் வேலை பாதியில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரி வரைகூட உயிர் தாங்கவில்லை. காரியம் முடிந்ததும் கொத்தனார் வந்து, "மிச்சத்தப் போடட்டுமாம்மா?" என்றார். போடுங்கள் என்றேன். ஏன் சொன்னேன்? யாருக்காக?

இப்போது நம் மகன், "நடு ஹால்ல இது என்னன்னு வாறவுக எல்லாம் கேக்காவ. பேத்துட்டு ஒரே பாலிஷா போட்டுருவோம்மா" என்கிறான். அவன்மேல் தப்பில்லை. நானே அதில் கால் வைப்பதில்லை, சுவரோரமாக ஒதுங்கித்தான் போகிறேன். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது, அத்தான். ஒருதரம், ஒரே ஒருதரம் தனியாக நடந்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

"என்னையத் தூக்கிட்டுப் போன பெறவு பேத்துக்கோ" என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அதுவரை ஒரு கல்லைக்கூட அசைக்க விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. கொடுத்து என்ன செய்ய? நீங்கள் நடக்கப் போவதில்லை.

இன்னும் உங்களைத் திட்டிக்கொண்டே இருக்கிற
உங்கள் மாமன் மகள்,
கோமதி
சங்கரன்கோவில்