மெய்யின் சூடு

மேசைமேல் ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கிறது. குடிப்பதற்காக வைத்ததல்ல. பக்கத்தில் உம்முடைய பழைய தெர்மாமீட்டர், அதே தகர உறையில். துரை பத்து மணிக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்க்க வருவார். அதற்குள் இது ஆற வேண்டும், நானும் இதை எழுதி முடிக்க வேண்டும்.

நீர் இறந்துபோன செய்தி வந்து பத்து நாளாகிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஆள் வந்து சொன்னான். காரியத்துக்கு நான் வரவில்லை. களைப்பாக இருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். என் வயதில் களைப்பு என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அது ஒரு வசதி. பொய்யும் இல்லை.

உம்மை இப்படி 'நீர்' என்று எழுதப் பழக்கியதே நீர்தான். கிள்ளானுக்குப் பக்கத்தில் அந்த ரப்பர்த் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்த வாரம், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸர் என்று சொல்லிக்கொண்டு வந்து, "என்ன காணும், நீர் தஞ்சாவூர்ப் பக்கமோ?" என்று கேட்டீர். எங்கள் ஊரில் ஒருவன் 'நீர்', 'காணும்' என்று தொடங்கினால் அடுத்தது வாய்ச்சண்டைதான். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். நீர் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினீர். யாழ்ப்பாணத்தில் அது சிநேகிதர் பேச்சு என்று விளங்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸ் போவோம். ரயில்வே குவார்ட்டர்ஸில் உம்முடைய ஊர்க்காரர் ஒருவர் வீட்டு முன்னறையில் நாலைந்து பேர் கூடிப் பழைய அறநூல்களைப் படித்து வாதம் செய்வார்கள். ஒரு நாள், கடமை பெரிதா அறம் பெரிதா என்று பேச்சு வந்தது. நான் கடமையின் கட்சி. அவனவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும், அறம் தானாகப் பின்னால் வரும் என்று மேசையைத் தட்டிப் பேசினேன். கைதட்டினார்கள். நீர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னீர்: "கடமை எண்டது ஆரோ எழுதித் தாறது, காணும். அறத்தை ஒருத்தரும் எழுதித் தரமாட்டினம். அது முன்னாலை வந்து நிக்கேக்கைதான் தெரியும்."

திரும்பி வரும்போதும் நீர் விடவில்லை. "உண்மைக்கும் மெய் எண்டு பேர், உடம்புக்கும் மெய் எண்டு பேர். ஏன் எண்டு யோசிச்சீரோ?"

"உடம்பையே பாத்துப் பாத்து உங்களுக்கு எல்லாம் உடம்பாத் தெரியுது டிரெஸரே" என்று கேலி செய்தேன்.

"ஓம். உடம்பு பொய் சொல்லாது. ஆள்தான் சொல்லும்" என்றீர். ரயில் முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தோம். அவ்வளவு சிரிக்க அதில் என்ன இருந்தது என்று இப்போது தெரியவில்லை.

அஞ்சலையை உமக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பால்மரம் சீவுகிறவள். பிள்ளை பிறந்து அன்றே செத்துப் பத்து நாளாகியிருந்தது. எழுந்து நிற்கச் சொன்னால் சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிடுவாள். அந்தத் தோட்டத்துத் துரையின் சட்டத்தில் காய்ச்சல், காயம் இரண்டுதான் நோய். மற்றதெல்லாம் சோம்பல். அவளுக்குக் காயமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நீர் நான்கு நாளாகக் 'காய்ச்சல்' என்று எழுதி அவளைக் கட்டிலில் வைத்திருந்தீர்.

ஐந்தாம் நாள் காலை நாம் இருவரும் ஆஸ்பத்திரியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் குதிரைச் சத்தம் கேட்டது. அன்று துரை வருகிற நாளே அல்ல. நீர் என் கோப்பையை இழுத்துத் தெர்மாமீட்டரை அதில் விட்டீர். நல்ல சூட்டில் இருந்த தேத்தண்ணி. துரை வாங்கிப் பார்த்தபோது பாதரசம் கோடுகள் முடிகிற இடத்தில் போய் நின்றிருந்தது.

"இந்தக் காய்ச்சல் இருந்தா இவ செத்துப் போகணும், டிரெஸர்" என்றார்.

"கருவி பழுது, துரை" என்றீர்.

அவர் என் பக்கம் திரும்பினார். "கிராணி, நீ இங்கேதானே இருந்தே? பார்த்தது சொல்லு."

"என் தேத்தண்ணியில வச்சாருங்க, துரை."

சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை உம்மிடம் மறைக்க மாட்டேன். பயத்தால் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பயமில்லை. பிரிக்பீல்ட்ஸில் கைதட்டு வாங்கிய அதே பெருமைதான். ஒரு உத்தமன் சாட்சி சொல்வதாக நினைத்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானத்துக்குள் உம்மைப் போகச் சொல்லிவிட்டார்கள். பெட்டியைத் தூக்க நான் வந்தேன், நீர் விடவில்லை. கோபமாகக்கூட நீர் பேசவில்லை. "நீர் பார்த்ததைத்தானே சொன்னீர், அதிலை பிழையில்லை. ஆனா நீர் தேத்தண்ணியைத்தான் பார்த்தீர், காணும். அவளைப் பார்க்கேல்லை" என்றீர். தெர்மாமீட்டரை என் மேசையில் வைத்துவிட்டு மாட்டு வண்டியில் ஏறினீர்.

பிறகு ஒரே ஒரு தடவை உம்மைப் பார்த்தேன். பிரிக்பீல்ட்ஸில் மருந்துக்கடை ஒன்றில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தீர். என்னைக் கண்டதும் இறங்கி வந்தீர். "வாரும், ஒரு தேத்தண்ணி குடிப்பம்" என்றீர். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது உமக்கும் தெரியும். "அந்தப் பிள்ளை அஞ்சலை எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டீர்.

"நல்லாருக்கா" என்றேன்.

"நல்லது" என்று மட்டும் சொன்னீர். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டத் திரும்பினீர்.

இந்த மடலை எழுத உட்கார்ந்தது இதற்காகத்தான். அவள் நன்றாக இருக்கவில்லை. நீர் போன மறுநாள் விடியலில் பெரட்டுக் களத்தில் வரிசையாக ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டபோது, "இருக்கேங்க" என்றாள். நான் செக்ரோல் பதிவேட்டில் வந்ததாகக் கோடு போட்டேன். மூன்றாம் நாள் காலை மரத்தடியில் விழுந்தவளைத் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் டிரெஸர் இல்லை. வண்டி கிள்ளான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. செக்ரோலில் அவள் பெயரை அடிப்பது கிராணியின் கடமை. ரூலர் வைத்து, மை கசியாமல் அடித்தேன்.

உமக்கு முன்பே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் என் வாயால் சொல்லியிருக்க வேண்டும். யாருக்கும் ஆகாத இடத்தில் உண்மை சொன்னவன், சொல்லியே தீர வேண்டிய இடத்தில் பொய் சொன்னேன். இருபது வருஷமாக இதைச் சுமந்து நடந்து தோள் இறங்கிவிட்டது. கடமை எது, அறம் எது என்று இப்போது யாராவது வாதத்துக்குக் கூப்பிட்டால் எழுந்து நிற்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

இப்போது வேறு தோட்டம், வேறு துரை. சட்டம் மட்டும் அதேதான். ரப்பர் விலை விழுந்ததும் டிரெஸர் வேலையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். இன்று விடியலில் பெரட்டுக்கு வராத ஒருத்தியை அவள் புருஷன் தாங்கிக்கொண்டு வந்தான். இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. நெற்றியைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. அதோடு விட்டிருந்தால் பழைய கிராணிதான். உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். உதட்டில் ரத்தமே இல்லை. கால் வீங்கியிருந்தது. "வேலைக்குப் போயிடுறேங்க, பேர மட்டும் அடிச்சிடாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "படும்மா" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வரவழைத்தேன்.

வெளியே துரையின் மோட்டார் வண்டி வந்து நிற்கிறது. கோப்பையில் விரலை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருக்கிறது. தெர்மாமீட்டரை வைத்து எடுத்தேன். நூற்றிரண்டு.

நீர் அவசரப்பட்டுவிட்டீர், காணும். நான் ஆறவிட்டேன்.